பழைய காருக்கு டர்போ போடலாமா?

தாம்பரம் ரயில் நிலையத்து மேம்பாலத்தில் நின்றுகொண்டு நாலு பக்கமும் கையை நீட்டிப் பாருங்கள். தென்மேற்கே ஒரகடம். அங்கேயுள்ள தொழிற்சாலையிலிருந்து 2020-ம் வருஷக் கடைசியில் நிஸான் மாக்னைட் என்னும் கார் புறப்பட்டது. எஞ்சின் ஒரே ஒரு லிட்டர்தான். சக்தியோ 100 குதிரை. வடமேற்கே இருங்காட்டுக்கோட்டை. ஹுண்டாய் கம்பெனி 2021-ல் ஐ-20 என் லைன் என்ற சின்னக் காரை அங்கிருந்து வெளியிட்டது. அதுவும் ஒரு லிட்டர், 120 குதிரை. தெற்கே மறைமலை நகர். 2022-ல் கார் உற்பத்தியை நிறுத்திவிட்ட ஃபோர்டு தொழிற்சாலை, 2013-லேயே 999 கன சென்டிமீட்டர் எஞ்சினிலிருந்து 125 குதிரைச் சக்தி வாங்கிய ஈகோஸ்போர்ட் காரை இங்கே செய்து காட்டியது.

இந்த மூன்றுக்கும் பொதுவான ரகசியம் ஒன்றுதான். அதன் பெயர் டர்போ. அந்த டர்போவையே செய்கிற தொழிற்சாலை ஒன்றும் பக்கத்தில் இருக்கிறது. மாமல்லபுரம் போகும் வழியில், பையனூரில், டர்போ எனர்ஜி என்ற கம்பெனி. 1982-ல் டி.வி.எஸ். குழுமத்தினரும் ஜெர்மனியின் கே.கே.கே. நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது.

இப்படி ஊரைச் சுற்றி டர்போ மயமாக இருக்கும்போது, வீட்டு வாசலில் பழைய காரை நிறுத்தி வைத்திருப்பவருக்கு ஓர் ஆசை பிறப்பது இயற்கைதானே? “புதுக் கார் வாங்குவானேன்? இருக்கிற வண்டிக்கே ஒரு டர்போ போட்டுவிட்டால் என்ன?”

ஜி.எஸ்.டி. சாலை ஓரத்திலே எந்த மெக்கானிக் ஷெட்டிலும் இந்தச் சம்பாஷணை நடக்கலாம். நடப்பதாகவே வைத்துக்கொள்வோம்.

“அண்ணே, நம்ம ஸ்விஃப்ட்டுக்கு டர்போ மாட்டணும்.”

“எந்த வருஷ வண்டி தம்பி?”

“2006. அப்பா வாங்கினது. ஒண்ணு புள்ளி மூணு பெட்ரோல்.”

“டர்போ மாட்டறது பெரிய வேலை இல்லே தம்பி. மாட்டின பிறகு எஞ்சின் இருக்கணும் பாரு, அதுதான் வேலை.”

பெரியவர் சொன்ன அந்த ஒரு வார்த்தையில்தான் விஷயம் முழுதும் அடங்கியிருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்கலாம்.

அந்தப் பையன் கேட்டதிலும் அர்த்தம் இல்லாமல் இல்லை. 2005 மே மாதம் மாருதி கம்பெனி ஸ்விஃப்ட்டை நம் நாட்டில் விட்டபோது அதிலிருந்தது 1,298 கன சென்டிமீட்டர், 87 குதிரைச் சக்தி எஞ்சின். 1980-களில் சுஸுகி கம்பெனி வெளிநாடுகளில் விற்ற ஸ்விஃப்ட் ஜி.டி.ஐ. என்ற துடியான சிறு காரில் இருந்ததும் இதே குடும்பத்து எஞ்சின்தான். அதில் காம்ஷாஃப்ட் இரண்டு, சக்தி சுமார் 100 குதிரை. இந்த மாதிரி சின்ன உடம்பில் பெரிய பலத்தை வைத்த கார்களுக்கு மேல்நாட்டார் ‘ஹாட் ஹாட்ச்’ என்று பெயர் வைத்தார்கள். 1976-ல் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. அந்த வம்சத்துக்குப் புகழ் தேடித் தந்தது. 1,600 கன சென்டிமீட்டர், 110 குதிரை. நம் ஊரில் அதற்குச் சமானமாகச் சொல்லக்கூடியது 2001-ல் வந்த ஃபியட் பாலியோ 1.6. அதற்கு 100 குதிரை இருந்தது. பெட்ரோல் குடிப்பதிலும் அது குதிரைதான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். இந்த வண்டிகளெல்லாம் இப்போது இருபது வயதைத் தொட்டுவிட்டன, அல்லது தாண்டிவிட்டன. ஆனால் அவற்றின் மேல் ஆசை வைத்தவர்கள் விடுவதாயில்லை.

ஓசி மூச்சு

எஞ்சினும் நம்மைப் போலத்தான். மூச்சு இழுக்க வேண்டும், விட வேண்டும். ஸ்விஃப்ட்டின் எஞ்சின் நிமிஷத்துக்கு ஆறாயிரம் சுற்றுச் சுற்றும்போது, அதில் மூவாயிரம் தடவை காற்றை இழுக்கிறது. முழுக் கொள்ளளவு இழுத்தால் ஒரு நிமிஷத்துக்கு 3,900 லிட்டர்; வால்வு, குழாய் என்ற தடைகளையெல்லாம் கழித்துப் பார்த்தால் 3,300 லிட்டராவது இருக்கும். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் உள்ள ஓர் அறையின் காற்றையெல்லாம் எட்டொன்பது நிமிஷத்தில் குடித்துத் தீர்த்துவிடும் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

எவ்வளவு காற்று உள்ளே போகிறதோ அதற்கேற்பத்தான் பெட்ரோல் எரிய முடியும். எவ்வளவு பெட்ரோல் எரிகிறதோ அவ்வளவுதான் சக்தி. ஆகவே அதிகச் சக்தி வேண்டுமானால் அதிகக் காற்றை உள்ளே தள்ள வேண்டும். பெரிய எஞ்சின் வைப்பது ஒரு வழி. காற்றை அமுக்கித் திணிப்பது இன்னொரு வழி.

திணிக்க ஒரு பம்பு வேண்டும். பம்பைச் சுற்றப் பலம் வேண்டும். அந்தப் பலம் எங்கிருந்து வரும்? இங்கேதான் யுக்தி. நாம் ஊற்றும் பெட்ரோலிலுள்ள சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்ஸர் வழியே சூடாக வெளியே போய் வீணாகிறது. அப்படிப் போகிற புகையின் பாதையில் சின்னக் காற்றாடி ஒன்றை வைத்தால் அது சுழலும். அதே தண்டின் மறு முனையில் இன்னொரு காற்றாடி வைத்தால் அதுவும் சுழலும். வெளிக் காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளும். இவ்வளவுதான் டர்போ. உள்ளங்கையில் அடங்கக்கூடிய அந்தச் சக்கரங்கள் நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றுகின்றன. சிறிய டர்போக்கள் இரண்டு லட்சத்தையும் தொடும். அந்தத் தண்டு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதந்துகொண்டு சுற்றுகிறது. எண்ணெய் ஒரு கணம் நின்றால் கதை முடிந்தது.

இந்த யோசனை நேற்று வந்ததல்ல. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பூக்கி என்ற எஞ்சினீயர் 1905-லேயே இதற்குப் பேட்டண்டு வாங்கிவிட்டார். 1920-களில் இரண்டு ஜெர்மன் பிரயாணிக் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் அவருடைய முறையைக் கையாண்டு 1,750 குதிரைச் சக்தியை 2,500 ஆக உயர்த்தினார்கள். அதற்கு முன்பே, 1918-ல், அமெரிக்காவில் ஸான்ஃபோர்டு மாஸ் என்பவர் ஒரு விமான எஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டு பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கே போய்விட்டார். பதினாலாயிரம் அடி உயரம். காற்று மெலிந்த இடம். கீழே 350 குதிரை தந்த எஞ்சின் மேலே 230-தான் தந்தது. டர்போவை மாட்டினார், 356 வந்தது! தாம்பரம் விமானப் படை நிலையத்தின் மேலே பறந்த பழைய பிஸ்டன் விமானங்களின் கதையும் இந்தப் பிரச்னையோடு சம்பந்தப்பட்டதுதான். உயரே போகப் போக எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அதற்குக் காற்றை அமுக்கித் தரவேண்டும்.

காருக்கு வந்தது 1962-ல். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் அந்த வருஷம் இரண்டு கார்களை விட்டது. அதில் ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்ஃபயர் என்பதன் கதை நம்முடைய பையனுக்கு அவசியம் தெரிய வேண்டியது.

தட்டும் சத்தம்

காற்றை அமுக்கினால் அது சுடும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுகிறதல்லவா? அதே சங்கதி. எஞ்சினுக்குள்ளே பிஸ்டன் வேறு, வந்த காற்றை ஒன்பது பத்து மடங்கு அமுக்குகிறது. ஏற்கெனவே அமுக்கிய சூடான காற்றை மறுபடியும் அத்தனை மடங்கு அமுக்கினால் என்ன ஆகும்? பிளக் நெருப்புப் பொறி விட்டு, சுடர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் பரவுவதற்குள், மூலையில் எரியாமல் கிடக்கும் மிச்சம் தானாகவே வெடித்துவிடுகிறது. வெளியே ‘டக் டக்’ என்று சுத்தியல் அடிக்கும் சத்தம் கேட்கும். உள்ளே உண்மையிலேயே சுத்தியல் அடிதான். பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். ஹெட் கேஸ்கெட் ஊதிக்கொண்டு போகும். கனெக்டிங் ராடு வளையும். இதற்கு மாதக் கணக்கு வேண்டாம். நாலைந்து விநாடி போதும்.

ஜெட்ஃபயரில் அமுக்கும் விகிதத்தைக் குறைக்காமல் 10.25 மடங்காகவே வைத்துவிட்டு, டர்போவையும் போட்டார்கள். தட்டும் சத்தம் வராமலிருக்க, காய்ச்சி வடித்த நீரும் மெதனாலும் கலந்த ஒரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக எஞ்சினுக்குள் விட ஏற்பாடு செய்தார்கள். தனி டாங்கி, தீர்ந்தால் சொந்தக்காரர் நிரப்ப வேண்டும். யார் நிரப்புவார்கள்? மறந்துபோனார்கள். தொல்லை மேல் தொல்லை வந்து, பல கார்களிலிருந்து டர்போவையே கழற்றிப் போட்டார்கள். 1963-ோடு அந்தக் கார் நின்றது.

பி.எம்.டபிள்யூ. கம்பெனி 1973-ல் வேறு வழியில் போயிற்று. இரண்டு லிட்டர் எஞ்சினின் அமுக்கும் விகிதத்தை 9.5-லிருந்து 6.9-க்கு இறக்கிவிட்டு டர்போ போட்டார்கள். 130 குதிரை 170 ஆயிற்று. எஞ்சின் பிழைத்தது. ஆனால் டர்போ சுழலத் தொடங்கும்வரை வண்டிக்குப் பிக்கப் இல்லை. திடீரென்று அது விழித்துக்கொண்டதும் பின்னால் யாரோ உதைத்தாற் போலப் பாய்ந்தது.

நம்முடைய பையனின் கேள்விக்கு மிக நெருங்கிய உதாரணம் இங்கிலாந்தில் இருக்கிறது. 1951-ல் ஆஸ்டின் கம்பெனி செய்த ஒரு சின்ன எஞ்சின், வளர்ந்து வளர்ந்து, முப்பது வருஷம் கழித்தும் ஓடிக்கொண்டிருந்தது. 1982 கடைசியில் அந்தக் கிழவனுக்கு டர்போ போட்டு எம்.ஜி. மெட்ரோ டர்போ என்று விட்டார்கள். 1,275 கன சென்டிமீட்டர். நம் ஸ்விஃப்ட்டுக்கு ஏறக்குறைய சமம். 72 குதிரையாக இருந்தது 93 ஆயிற்று. லோட்டஸ் கம்பெனி நிபுணர்கள் வேறு உதவினார்கள். அப்படிப்பட்டவர்களே ஏன் 93-ல் நிறுத்திக்கொண்டார்கள்? இன்னும் கொடுக்க எஞ்சின் தயார். கியர் பெட்டி தயாரில்லை! ஆகவே குறைந்த வேகத்தில் டர்போவின் அழுத்தத்தைக் கட்டிப்போட்டு, சுற்று ஏறிய பிறகுதான் முழு அழுத்தத்தை விட்டார்கள். ஒரு கம்பெனியே இப்படிப் பயந்து பயந்து செய்த காரியத்தை ஷெட்டில் ஒரு வாரத்தில் செய்துவிடலாம் என்று யாராவது சொன்னால், காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவது உத்தமம்.

கணக்கு என்ன சொல்கிறது?

கொஞ்சமாகவே கேட்போம். சாதாரணக் காற்றழுத்தத்துக்கு மேலே 0.4 பார், அதாவது நாற்பது சதவிகிதம் கூடுதல் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். தாம்பரத்தில் சாதாரண நாளின் வெயில் 35 டிகிரி. அந்தக் காற்று டர்போவை விட்டு வெளியே வரும்போது 80 டிகிரியைத் தாண்டியிருக்கும். சூடேறிய காற்று விரிந்துவிடுவதால், நாற்பது சதவிகிதம் கூடுதல் என்று நினைத்தது உண்மையில் இருபத்தொன்றுதான். அதை இன்டர்கூலர் என்ற ரேடியேட்டர் வழியே செலுத்தி 50 டிகிரிக்குக் குளிரவைத்தால் கூடுதல் முப்பத்து மூன்றாகிறது. சூடு குறைவதால் தட்டும் சத்தத்தின் பயமும் குறைகிறது. ஆகவே நம் ஊரில் இன்டர்கூலர் இல்லாத டர்போ என்று யார் சொன்னாலும் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். கத்திரி வெயிலில் பாதரசம் 40-ஐத் தாண்டும்போது, தார் ரோட்டின் அனலையும் சேர்த்து இழுக்கும் காரின் நிலைமையை எண்ணிப் பாருங்கள்.

எல்லாம் சரியாக நடந்தால் 87 குதிரை 110, 115 ஆகலாம். அந்தச் சக்தி முழுவதையும் தொடர்ந்து எடுத்தால் நிமிஷத்துக்கு முக்கால் லிட்டருக்குச் சற்றே குறைவாகப் பெட்ரோல் எரியும். நாற்பது லிட்டர்ச் சொச்சம் பிடிக்கும் டாங்கி ஒரு மணி நேரத்தில் காலி. நல்லவேளை, எந்தச் சாலையிலும் அப்படித் தொடர்ந்து ஓட்ட முடியாது.

பெட்ரோல் என்றதும் அடுத்த தலைவலி. 87 குதிரைக்கு அளந்து வைத்த இன்ஜெக்டர்கள் 115 குதிரைக்குப் போதுமான பெட்ரோலைத் தூவா. போதாக்குறைக்கு, அழுத்தம் ஏறும்போது வழக்கத்தைவிட அதிகமாகவே பெட்ரோல் விட வேண்டும். சாதாரணமாக ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. டர்போ தள்ளும்போது 12 பங்கு காற்றுக்கு இறக்க வேண்டும். உபரிப் பெட்ரோல் உள்ளே ஆவியாகிச் சூட்டைத் தணிக்கும். பிளக் பொறி விடும் நேரத்தையும் கொஞ்சம் தாமதப்படுத்த வேண்டும். இதையெல்லாம் யார் செய்வது? காரிலுள்ள கம்ப்யூட்டர் பெட்டிக்கு டர்போ என்றால் என்னவென்றே தெரியாது. அதன் காற்றழுத்த சென்ஸார் சாதாரண அழுத்தத்துக்கு மேலே படிக்காது. ஆகவே வேறு பெட்டி வைத்து, டைனமோமீட்டர் உருளையின் மேல் காரை ஓடவிட்டு, ஒவ்வொரு வேகத்துக்கும் ஒவ்வொரு சுமைக்கும் எழுதி வைக்க வேண்டும். டர்போவை மாட்டுவது வெல்டருடைய வேலை. இது வைத்தியருடைய வேலை. பணமும் பெரும்பாலும் இதில்தான் போகும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. நல்ல மெக்கானிக் முதலில் டர்போவைப் பற்றிப் பேசவே மாட்டார். நாலு பிளக்கையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்ப்பார். நாலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தணிந்திருந்தால், ரிங் தேய்ந்திருக்கிறது அல்லது வால்வு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய எஞ்சினுக்கு டர்போ போடுவது, மூட்டு வலிக்காரரை மாடிப்படி ஏறி ஓடச் சொல்வது போலத்தான். முதலில் எஞ்சினைப் பிரித்துச் செப்பனிடு. பிறகு பேசலாம் என்பதுதான் நேர்மையான பதில்.

புதுப்பேட்டைப் பண்டம்

“புதுப்பேட்டையிலே டீசல் வண்டியோட டர்போ சல்லிசாக் கிடைக்குதாமே அண்ணே?” என்று பையன் கேட்பான். கேட்காமலிருந்தால்தான் ஆச்சரியம்.

கிடைக்கும், வாஸ்தவம்தான். புதுப்பேட்டையில் கிடைக்காத மோட்டார் சாமான் என்ன இருக்கிறது? ஸ்விஃப்ட்டிலேயே டீசல் மாடலுக்கு டர்போ உண்டு. அளவும் ஏறக்குறையப் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் டீசல் எஞ்சினின் புகை, பெட்ரோல் எஞ்சினின் புகையைவிடச் சூடு குறைவானது. பெட்ரோல் எஞ்சினை விரட்டினால் புகை 900 டிகிரியைத் தாண்டும். மேனிபோல்டு இருட்டில் செக்கச் செவேலென்று தெரியும். டீசலுக்காகச் செய்த சக்கரமும் கூடும் அந்தச் சூட்டை எத்தனை நாள் தாங்கும்? மேலும், பழைய டர்போவின் தண்டை விரலால் பிடித்து ஆட்டிப் பார்த்தால் ஆடக்கூடாத திசையில் ஆடும். அப்படியானால் சக்கரம் கூட்டில் உரசப்போகிறது. உடைந்த துண்டு எங்கே போகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு சின்ன விஷயம். டர்போவுக்குப் போகும் எண்ணெய் அழுத்தத்தோடு போகும். திரும்பி வருவது தன் கனத்தால் வழிந்துதான் வர வேண்டும். திரும்பும் குழாய் பெரிதாகவும், மேடில்லாமல் சரிவாகவும், எஞ்சின் அடியிலுள்ள எண்ணெய் மட்டத்துக்கு மேலேயும் சேர வேண்டும். இதைக் கவனிக்காமல் ரப்பர்க் குழாயை வளைத்து மாட்டிவிட்டு, “புது டர்போ நீலப் புகை தள்ளுதே” என்று தலையில் கை வைத்துக்கொள்வார்கள். பழி டர்போ மேல்!

எஞ்சின் எல்லாவற்றையும் தாங்கிற்று என்றே வைத்துக்கொள்வோம். கிளட்ச் பிளேட் வழுக்கும். அதை மாற்றினால் கியர் பெட்டி. பிரேக்கோ 87 குதிரை வண்டிக்குப் போட்டது. கம்பெனிக்காரர்கள் டர்போ காருக்கு எஞ்சினை முதல் ஆணியிலிருந்தே வேறாகச் செய்கிறார்கள். பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் தூவுகிற ஏற்பாட்டால்தான் மறைமலை நகர் ஈகோஸ்போர்ட், பத்து மடங்கு அமுக்கியும் தட்டாமல் ஓடியது. அதையெல்லாம் பழைய எஞ்சினில் பின்னால் சேர்க்க இயலாது.

வண்டலூர்க் கதை

பழைய எஞ்சினிடம் புதிய காரியத்தை எதிர்பார்த்த கதை நம் தாம்பரத்துக்கும் ஒன்று உண்டு. வண்டலூர், பெருங்களத்தூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது இன்றைய இளைஞர்கள் பலருக்குத் தெரியாது. 1960-களில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் அங்கிருந்துதான் வந்தது. அந்தக் கம்பெனி 1985-ல் ஸ்டாண்டர்டு 2000 என்ற காரை விட்டது. உடம்பு இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.ஒன் காருடையது, பார்த்தவர் கண்ணைப் பறிக்கும். ஆனால் உள்ளே வைத்தது 1,991 கன சென்டிமீட்டர் பழைய வான்கார்டு எஞ்சின். ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்கு முந்தைய வடிவம். சக்தி 83 குதிரை. பெரிய உடம்பை இழுக்க அதற்குப் பலம் போதவில்லை. பெட்ரோலை மட்டும் தாராளமாகக் குடித்தது. விலையோ அதிகம். 1988-ல் தொழிற்சாலையே மூடப்பட்டது.

இதில் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் அதே ரோவர் உடம்புக்குள் இருந்த எட்டு சிலிண்டர் அலுமினிய எஞ்சின், அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து வாங்கியது. 1962-ல் டர்போ போட்டார்களே ஜெட்ஃபயர், அதன் எஞ்சினும் அந்தக் குடும்பம்தான்! உடம்பு வண்டலூருக்கு வந்தது, எஞ்சின் வரவில்லை.

தாம்பரம் ஆர்.டி.ஓ. ஆபீஸில்

டி.என். 11 என்று ஆரம்பிக்கும் எண் பலகை தாம்பரத்துக் காருக்கு அடையாளம். பதினைந்து வருஷம் முடிந்ததும் காரை ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் காட்டி, பதிவை ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். அப்போது பானெட்டைத் திறந்தால் டர்போ கண்ணில் படாமல் இருக்குமா?

1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி ஆதியில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. இதைச் சுப்ரீம் கோர்ட் 2019 ஜனவரியில் ஒரு வழக்கில் ஊர்ஜிதம் செய்தது. நிறம் மாற்றுவது, சில்லறைச் சாமான் பொருத்துவது வேறு. வண்டியின் அடிப்படை அமைப்பில் கை வைப்பது வேறு. எஞ்சின் பழுதானால் அதே ரக எஞ்சினை அனுமதி பெற்று மாற்றலாம். அங்கீகாரம் பெற்ற காஸ் கிட் போடலாம். டர்போவுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. அதே 2019-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாறுதல் செய்த சொந்தக்காரருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாறுதலுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

அபராதத்தைக்கூட விடுங்கள். விபத்து ஒன்று நேர்ந்துவிட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வி, ‘வண்டியில் மாறுதல் செய்ததை எங்களுக்குச் சொன்னீர்களா?’ என்பதுதான். பெருங்களத்தூர் சிக்னலில் எதிரே வந்தவருக்கு அடிபட்டு, நஷ்ட ஈட்டுத் தொகை சொந்தக்காரர் தலையில் விழுந்தால் வீடு வாசல் தாங்காது. அப்பா வாங்கிய காரை ஆசையோடு வைத்திருக்கிற பிள்ளை, அப்பா கட்டிய வீட்டையும் சேர்த்துப் பணயம் வைக்கலாமா? இந்த இடத்தில் நான் மெக்கானிக் பக்கம்தான்.

அப்படியானால் டர்போ ஆசைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. 1953-ல் ஆரம்பித்த சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரத்தில் யுத்த காலத்து விமான ஓடுதளத்தில் பல வருஷங்கள் பந்தயம் நடத்தியது. பிறகு இருங்காட்டுக்கோட்டையில் சொந்தமாகவே பந்தயப் பாதை அமைத்தது. 1990-ல் திறந்தார்கள்; ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து காலையில் கிளம்பினால் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். எதிரே வண்டி வராது. குறுக்கே மாடு வராது. பந்தயத்துக்கென்றே ஒதுக்கி, சாலையில் ஓட்டாமல் லாரியில் ஏற்றிக்கொண்டு போகிற காருக்கு, கிளப்பின் விதிகளுக்கு உட்பட்டு என்ன வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம். உருளைக் கம்பிக் கூடு, ஹெல்மெட், தீயணைப்பான் எல்லாம் சேர்த்துத்தான்.

அதற்கும் வசதி இல்லாதவருக்கு மெக்கானிக் சொல்லக்கூடிய வைத்தியம் எளியது. பிளக், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் சுத்தம், வால்வு இடைவெளி, தேய்ந்த கிளட்ச் பிளேட், நல்ல டயர், புது பிரேக் பேட். 87 குதிரையில் எத்தனையோ குதிரை இருபது வருஷத்தில் ஓடிப்போயிருக்கும். அவற்றைப் பிடித்துக் கொண்டுவந்து கட்டினாலே வண்டி புதிதாகத் தோன்றும். ரப்பர்க் குழாய்களையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். இப்போது பங்க்கில் வருகிற பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால்; பழைய ரப்பருக்கு அது அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. எத்தனாலுக்குத் தட்டும் சத்தத்தை அடக்கும் குணம் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். டர்போக்காரர்களுக்கு அதனால் அதன் மேல் ஒரு காதல்.

பல்லாவரத்தில் முள்

டர்போ பொருத்தியவர்கள் டாஷ்போர்டில் வட்டமாக ஒரு கேஜ் வைத்திருப்பார்கள். நடுவில் பூஜ்யம். முள் வலப் பக்கம் போனால் டர்போ காற்றைத் தள்ளுகிறது. இடப் பக்கம் இருந்தால் எஞ்சின் வழக்கம் போலத் தானே மூச்சு இழுக்கிறது. முள் வலப்பக்கம் வரவேண்டுமானால் சுற்று இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஏற வேண்டும். ஆக்ஸிலரேட்டரையும் நன்றாக மிதித்திருக்க வேண்டும்.

காலை ஒன்பது மணிக்குத் தாம்பரத்தில் புறப்பட்டு கிண்டிக்குப் போகிற ஒருவர் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டே போகட்டும். சானடோரியத்தில் முதல் கியர். குரோம்பேட்டையில் இரண்டாவது, எம்.ஐ.டி. பக்கத்தில் மறுபடியும் முதல். பல்லாவரத்தில் பஸ்ஸின் பின்னால் நின்றாயிற்று. மீனம்பாக்கத்தில் மூன்றாவது கியர் விழும். முள் கொஞ்சம் அசையும். அதற்குள் முன்னால் போகிற ஆட்டோ பிரேக் போட்டுவிடும். கிண்டி வந்து சேர்ந்ததும் எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது. பழுக்கக் காய்ந்த டர்போவில் எண்ணெய் நின்றுபோனால் கருகிக் கட்டியாகிவிடும். ஒரு நிமிஷமாவது சும்மா ஓடவிட்டு, பிறகுதான் சாவியைத் திருப்ப வேண்டும்.